ஆர்கனுக்குக் காற்றடித்தவன் எழுதுவது

வே,

இன்று காலை கடையில் ஒரு ஸ்கூட்டர் டியூபுக்கு ஒட்டுப் போட சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உம்ம ஞாபகம் வந்துவிட்டது. மற்ற மனுசருக்கெல்லாம் மல்லிகைப்பூ வாசத்தில், ஊதுபத்தி வாசத்தில் செத்துப்போனவர்கள் ஞாபகம் வருமாம். எனக்கு வாய்த்தது பஞ்சர் சொல்யூஷன். ஒட்டை விரலால் அமுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்கூட்டர்காரர், "என்ன அண்ணாச்சி, தூங்கிட்டியளோ?" என்றார்.

தூங்கவில்லை. பயந்துகொண்டிருந்தேன்.

நாளன்றைக்குத் திருநெல்வேலியில் எனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நாளைக்கே போய்ப் படுக்க வேண்டும். கடையை அடைக்கும் முன் ஒரே ஒரு ஒட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டு வந்திருக்கிறேன். வாசலில் ஸ்டூல் போட்டு என் வீட்டுக்காரி செல்வி காவல் இருக்கிறாள். நான் ஜாக்கியைத் தொட்டால் அவள் என்னைத் தொடுவாள். அதனால் ஒரு பேனாவைத் தொட்டிருக்கிறேன்.

பேச ஆள் இல்லாமல் இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து இலஞ்சி வரைக்கும் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எல்லோரும் ஒரே பேச்சு: "ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி." அப்படிச் சொல்லாத ஒரே ஆள் நீர். நீரும் போய்ச் சேர்ந்துவிட்டீர். காலமெல்லாம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த மனுசனுக்கு எந்த விலாசம் போட்டு எழுத என்று அந்த மனுசனிடமே கேட்க வேண்டியிருக்கிறது.

முதல்முதலில் நீர் என் கடைக்கு வந்தது நினைவிருக்கிறதா? சைக்கிளை நிறுத்தினீர். இரண்டு டயரிலும் காற்று சரியாக இருந்தது. "வே, ஒரு தோல்பை கிழிஞ்சிருக்கு. ஒட்டணும். ஆனா இங்கன கொண்டுவர முடியாது" என்றீர்.

"ஃபுட்பாலா?"

"கொஞ்சம் பெருசு."

குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிற அந்தப் பழைய சர்ச்சுக்கு உம் சைக்கிளுக்குப் பின்னாலேயே வந்தேன். முன்னால் ஆர்கன் பெட்டி, அதன் மேல் தங்கக் கலர் பூசிய குழாய்கள் வரிசையாக நின்றன. அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு, கதவுக்குள் ஒரு குச்சு அறை, அறைக்குள் ஒரு கட்டில் அகலத்துக்குத் தோல்பை. கொல்லன் பட்டறைத் துருத்தியை ஒரு யானைக்குத் தைத்த மாதிரி இருந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் இன்னும் குழாய்கள். பென்சில் அளவில் சிலது, ஆள் உயரத்துக்கு மேல் சிலது, ஈயத்தில், மரத்தில், ஒரு காடு மாதிரி. "நாதஸ்வரத்துக்கு ஒரு ஆளு மூச்சு போதும் வே. இது ஒரு ஊரு நாதஸ்வரம். அதுக்கு மூச்சு இந்தப் பைதான். நான் முன்னால கட்டையை அமுக்கினா, அதுக்கு உண்டான குழாய்க்கு இங்கன இருந்து காத்துப் போவும்" என்று நீர் விளக்கினீர். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியவனுக்கும் விளங்குகிற மாதிரி சொன்னீர்.

லாரி டியூபில் ஒரு சதுரம் வெட்டி, தேய்த்து, சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். காய்ந்ததும் நீர் மோட்டாரைப் போட்டீர். பை மெதுவாக எழுந்தது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முன்னால் யாருமே உட்காராத அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், ஒரே சுரத்தில் ஊளை. நான் செருப்பை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி பின்னாலேயே என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தீர்.

"பேயி இல்லவே. ஈரம். சாரல் வந்தா மரம் ஊதிக்கிடும். ஒரு கட்டை ஒட்டிக்கிட்டு நிக்கும். அது பாட்டுக்குக் கத்தும்."

"இதை முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீரு வந்திருக்க மாட்டீரே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து வந்து இன்னொரு புகார் சொன்னீர். "உம்ம ஒட்டு நல்லா பிடிச்சிருக்கு. ஆனா பை ஏறும்போதெல்லாம் ஒரு சத்தம் விடுது வே. சபையில எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்குதாங்க."

அந்த ஒட்டைப் பார்க்க வந்து வந்துதான் காற்றடிக்கிறவன் ஆனேன். சாரல் காலத்தில் காற்று ஒரு தென்னை மட்டையைத் தள்ளி ஒயரில் போட்டால் போதும், கரண்டு போய்விடும். ஜெனரேட்டர் போட்டால் அது போடுகிற கூச்சலில் பாட்டு கேட்காது. அந்தக் காலத்தில் மோட்டார் இல்லாதபோது வைத்த கைப்பிடி அந்தக் குச்சு அறையில் அப்படியே இருந்தது. அதை மேலும் கீழும் ஆட்டினால் பை நிறையும். பக்கத்தில் ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். காற்று நிறைந்தால் குண்டு இறங்கும், குறைந்தால் ஏறும். சுவரில் கீறியிருக்கிற மேல் கோட்டைத் தாண்டிக் குண்டு ஏறிவிட்டால் பாட்டு கழுத்தை நெரித்த ஆடு மாதிரி இழுத்துக்கொண்டு சாகும்.

உமக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரப்பலகைதான். நீர் வாசிப்பது எனக்குத் தெரியாது, நான் வேர்ப்பது உமக்குத் தெரியாது. உம் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தால் ஆட்டு. இரண்டு தட்டு வந்தால் நிறுத்து. என் பக்கத்திலிருந்து தட்டக் கூடாது. "காத்தடிக்கிறவன் பேசுறது கிடையாது வே. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து அப்படித்தான்" என்றீர். ஏன் என்று கேட்டேன். "ஏன்னு எனக்கும் தெரியாது. நான் அப்பம் பொறக்கல" என்றீர். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வாய் மூடி இருப்பதற்கென்று ஒரு வேலை எனக்குக் கிடைத்ததே செல்விக்குப் பெரிய சந்தோஷம்.

இலஞ்சிக் குமாரருக்குக் காவடி எடுக்கிறவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குள் போகிறான் என்றால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆலங்குளத்து மாமா ஒரு கலியாண வீட்டில் பந்தியில் வைத்தே கேட்டார். "என்னடே, அங்கன சேந்துட்டியாமே?"

"சேரல மாமா. காத்துதான் அடிக்கேன்."

"அதுக்குத்தான் கடை வச்சிருக்கியேடே!"

இதை உம்மிடம் வந்து சொன்னபோது நீர் சிரித்ததில் உமக்கு இருமல் வந்துவிட்டது.

ஆனால் வே, பண்டிகை நாள் காலையில் உம் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியாது. எத்தனை வருசம் வாசித்தீர். திருநெல்வேலியிலிருந்தெல்லாம் வந்து கேட்டுவிட்டு, இப்படி வாசிக்க ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட ஆள், ஆராதனை தொடங்குவதற்கு முன் என் குச்சு அறைக்குள் வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பீர். கை நடுங்குவதில் கைப்பிடியும் கிடுகிடுவென்று ஆடும்.

"வே, இன்னைக்கு நான் வாசிக்கல. வயிறு சரியில்ல."

"போன பண்டிகைக்கும் வயிறுதான்."

"போன பண்டிகைக்கு வயித்துக்குள்ள பயம் இருந்துச்சு. இன்னைக்குப் பயத்துக்குள்ள வயிறு இருக்கு."

"அப்பம் வீட்டுக்குப் போரும். நான் பாஸ்டர்ட்ட சொல்லிருதேன், ஆர்கன் ஐயாவுக்குப் பேதின்னு."

"சொல்லும்." கதவு வரைக்கும் போய்த் திரும்புவீர். "வேண்டாம். ஆரம்பிச்சுட்டா சரியாயிரும்." போய்விடுவீர். ஒரு தட்டு வரும். நான் ஆட்டத் தொடங்குவேன்.

எனக்கு அப்போதெல்லாம் சிரிப்பாக இருக்கும். பெரிய மனுசன், இத்தனை வயதுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று நினைப்பேன். நான் எதற்கும் பயப்படாத ஆள் என்று எனக்கு ஒரு நினைப்பு. செருப்பை விட்டுவிட்டு ஓடியதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சீசனில் ஒரு நாள் மெயின் அருவிக்குப் போனோமே, அன்றைக்கு உம்மைப் பற்றி எனக்குக் கொஞ்சம் புரிந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றோம். அருவி விழுகிற இரைச்சலில் பேசினால் காதுக்குள் கத்த வேண்டும். நீர் என் காதில் கத்தினீர். வெளிநாட்டுப் பெரிய கோயில்களில் தென்னைமரம் உயரத்துக்கு ஒரு குழாய் உண்டாம். அதன் சத்தம் காதில் விழாதாம். நெஞ்சுக்கூடும் ஜன்னல் கண்ணாடியும் நடுங்குமாம். ஆயிரக்கணக்கான குழாய் வைத்த ஆர்கனைக் கண் தெரியாத ஒரு மனுசன் முழுக்க மனப்பாடமாக வாசித்ததை நீர் செல்லில் கேட்டீராம். "நமக்கு அதெல்லாம் பாக்கக் குடுத்து வைக்கல. ஆனா இந்த அருவிக்குக் கீழ நின்னா அந்தக் குழாய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுது வே" என்றீர்.

சொல்லிக்கொண்டே இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டீர். "தண்ணி நிறம் மாறுது" என்றீர். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு சருகு, ஒரு குச்சி வந்தது. அடுத்த நொடி நீர் கத்தத் தொடங்கிவிட்டீர். "ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் வெட்கப்பட்டு, "சும்மா இரும்வே" என்றேன். நீர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினீர். நாம் படியேறும்போதுதான் போலீஸ்காரர் விசில் ஊதினார். திரும்பிப் பார்த்தால் நாம் நின்ற இடத்தில் காவி நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சிரித்தவர்களும் தப்பிவிட்டார்கள். உம்ம துண்டு மட்டும் போய்விட்டது.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கினீர். டம்ளர் பல்லில் தட்டியது. நான் ஏதோ கிண்டலாகச் சொன்னேன். நீர் கோபப்படவில்லை. "பயமா இருக்குன்னு சொல்ல வெக்கப்படாதீரும் வே. வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிற நேரத்துல தண்ணி வந்துரும்" என்றீர்.

இந்தப் பேச்சை நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிட்டேன். பஜ்ஜி சூடாக இருந்தது.

பிறகு உமக்குச் சிறுநீரகம் கெட்டது. இலஞ்சியில் உம் வீட்டு ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். கடைசியாக வந்த அன்று, "எப்படி இருக்கு வே?" என்று கேட்டேன். "பயமா இருக்கு" என்றீர், வழக்கம் போல. மடையன் நான், "ஒண்ணும் ஆகாது" என்றேன். நீர் என்னைப் பார்த்தீர். "ஒண்ணும் ஆகாமலா இப்படிக் கிடக்கேன்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, "ஆரம்பிச்சுட்டா சரியாயிரும்னு நினைக்கேன்" என்றீர். உம் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவி விட்டேன். விடிந்ததும் செய்தி வந்தது.

உம் அடக்க ஆராதனையில் ஆர்கன் இல்லை. வாசிக்க ஆள் இல்லை. நான் குச்சு அறைக் கதவுக்கு வெளியே நின்றேன். எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் என் மகள் கோமதியைத்தான் கேட்டார்கள். சனிக்கிழமைகளில் நான் பையைப் பார்க்க வரும்போது என்னோடு வந்தவளை நீர் கட்டையைத் தொடவிட்டீர், அவள் தொட்டாள். எப்போது கற்றாள் என்று அப்பன்காரனுக்கே தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் ஏதோ விளையாடுகிறீர்கள் என்று நினைத்து நான் ஒட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சர்ச்சு கட்டித் திறந்த நாளைக் கொண்டாடுகிற பிரதிஷ்டைப் பண்டிகைக்கு இந்த வருசம் அவள் வாசிப்பது என்று முடிவானது. சபை முழுக்க வரும், எல்லோருக்கும் பந்தி போட்டு அசனச் சாப்பாடு உண்டு, திருநெல்வேலியிலிருந்து பெரியவர்கள் வருவார்கள். பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டு மேசையிலெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே இருப்பாள்.

எனக்கு அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. கடை மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் திருநெல்வேலிக்குப் போனேன். நெஞ்சில் பசையைத் தடவி, டி.வி. மாதிரி ஒன்றில் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இருதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. மாத்தணும்."

"வால்வுதானே டாக்டர். நான் தினமும் மாத்துறேன்."

அவர் சிரிக்கவில்லை. "உங்களால இதை மாத்த முடியாது. தள்ளிப்போடவும் கூடாது. அதுவரைக்கும் எதையும் தூக்காதீங்க, இழுக்காதீங்க, மூச்சு முட்ட எந்த வேலையும் செய்யாதீங்க. மயங்கி விழுந்தா அதோட போயிடலாம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஆலங்குளம் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் செல்வி, "எங்க போயிட்டு வாறிய? முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். "கேஸ் ட்ரபிள்" என்றேன். பண்டிகை முடியட்டும், பிள்ளை நல்லபடியாக வாசித்துவிடட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவரை தினமும் செல்வி வதக்கிக் கொடுத்த பூண்டைத் தின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. காலையிலிருந்தே காற்று. சாரல் சர்ச் ஓட்டில் மண்ணை அள்ளி வீசுகிற மாதிரி அடித்தது. நான் குச்சு அறைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து, முருகா, கரண்டு மட்டும் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கர்த்தருடைய வீட்டில் உட்கார்ந்து முருகனிடம் கேட்டது முறையா என்று தெரியவில்லை. இரண்டு பேருமே கேட்கவில்லை. இரண்டாம் ஞானப்பாட்டு தொடங்குவதற்கு முன் மோட்டார் ஓய்ந்துவிட்டது. லைட் போனது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது.

வே, நான் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தேன். வெளியே யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். ஒரு பாட்டுதானே என்று கைப்பிடியைப் பிடித்தேன்.

முதல் சரணம் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மூச்சு எட்டவில்லை. மூன்றாவதில் யாரோ என் நெஞ்சில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார்கள். குளிர்ந்த வேர்வை முதுகில் இறங்கியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஈயக்குண்டு மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இறக்கினேன். திரும்பவும் ஏறியது. நிறுத்தினால் பாட்டு செத்துவிடும், பிள்ளையின் முதல் பண்டிகை நாறிவிடும் என்று ஆட்டினேன். எத்தனை சரணம் என்று யாருக்குத் தெரியும், நான் பாட்டைக் கவனித்துக் கேட்டதே இல்லையே.

அப்போதுதான் இன்னொரு பயம் வந்தது. அது இதற்கு முந்திய பயமெல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது. நான் இங்கே விழுந்தால் அவளுக்குத் தெரியாது. பையில் மிச்சம் இருக்கிற காற்று தீரும் வரைக்கும் அவள் வாசித்துக்கொண்டிருப்பாள். பலகைக்குப் பின்னால் அப்பன் செத்துக்கொண்டிருந்தபோது நான் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று வாழ்நாள் முழுக்க அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். அதன் பிறகு அவள் ஒரு கட்டையையாவது தொடுவாளா?

பலகையில் இரண்டு தடவை தட்டினேன்.

பாட்டின் சத்தத்தில் கேட்கவில்லை. காற்றடிக்கிற ஆள் தட்டுவான் என்று அந்தப் பக்கத்தில் யார் எதிர்பார்ப்பார்கள்? முஷ்டியை மடக்கி மறுபடியும் இரண்டு தட்டு தட்டினேன். கைப்பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஆர்கன் நின்றது. அவள் சரணத்தின் நடுவில், அழகாக ஒரு இடத்தில் கையை எடுத்திருக்கிறாள். சபை நிறுத்தவில்லை. அவர்கள் பாட்டுக்கு மழைச் சத்தத்துக்கு மேல் பாடிக்கொண்டே போனார்கள்.

கதவைத் திறந்துகொண்டு கோமதி வந்தாள். "யப்பா! என்னாச்சுப்பா?"

'ஒண்ணுமில்ல' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அருவிக்குக் கீழே நிற்கிற மாதிரி இருந்தது வே. என்னை இழுத்துக்கொண்டு ஓட நீர் இல்லை.

"பயமா இருக்குட்டி" என்றேன். "நெஞ்சு வலிக்கு. வால்வு கெட்டுப்போச்சாம். இதை ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. உங்க அம்மாட்ட சொல்லல. ரொம்பப் பயமா இருக்குட்டி."

வாழ்நாளில் என் பிள்ளையிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை. என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அம்மா!" என்று ஒரு கத்து கத்தினாள். சபையே பாட்டை அப்போதுதான் நிறுத்தியது.

செல்வி பின் வரிசையிலிருந்து ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாயைத் திறந்தாள். திறந்த வாய் மூடவில்லை. "கேஸுன்னு சொல்லி எவ்வளவு பூண்டு தின்னிய! அந்தப் பூண்டுக்கு ஒரு புது நெஞ்சே வாங்கியிருக்கலாம்! நான் என்ன செத்தா போயிட்டேன், எங்கிட்ட சொல்ல மாட்டியளோ?" என்று திட்டிக்கொண்டே என் சட்டைப் பட்டன்களைக் கழற்றினாள். இழுத்த வேகத்தில் ஒரு பட்டன் தெறித்துப் போனது. சபையில் ஒரு நர்ஸம்மா இருந்தார்கள். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு என்னை முன் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்து, கார் வரும் வரை அசையக் கூடாது என்றார்கள்.

உட்கார்ந்திருக்கும்போதே கரண்டு வந்தது. மோட்டார் முனகியது. கோமதி என் காலடியை விட்டு நகர மாட்டேன் என்றாள். "போடி, போயி முடி. நான் உன் கண்ணு முன்னாலதான இருக்கேன்" என்றேன். அவள் போய் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

வே, எத்தனை வருசம் நான் பலகைக்குப் பின்னால் கைப்பிடி கிறீச்சிடுவதையும், ஒட்டு சத்தம் விடுவதையும், உம் கால் கீழே மரக்கட்டைகளை மிதிப்பதையும் மட்டுமே கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். கூரையிலிருந்து இறங்குகிறது, தரையிலிருந்து ஏறுகிறது, எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியவில்லை. நெஞ்சு கிடுகிடுவென்று நடுங்கியது. முடிந்தது, போகப்போகிறேன் என்று நினைத்து பெஞ்சை இறுகப் பிடித்தேன். பெஞ்சும் நடுங்கிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? இப்படி ஒன்றை வாசிக்கத்தான் நீர் பண்டிகைக்குப் பண்டிகை நடுங்கினீர் என்றால், அந்த நடுக்கம் ரொம்பக் கம்மி. நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் கார், திருநெல்வேலி, அதே டாக்டர், அவர் வாயிலிருந்து எனக்கும் எனக்காக செல்விக்கும் சேர்த்துத் திட்டு. நாள் குறித்துவிட்டார்கள். ஏதாவது கேட்கணுமா என்றார். "பயமா இருக்கு டாக்டர்" என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கே அறுப்பார்கள், எவ்வளவு நேரம் என் நெஞ்சு நிற்கும், அந்த நேரம் எந்த மெஷின் எனக்குப் பதில் ஓடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டபிறகு பயம் கூடிவிட்டது. ஆனாலும் இப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்குத் தெரியும். உம்மிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான் வே. சங்கீதம் எடுத்துக்கொள்ளவில்லை, அது கோமதிக்குப் போய்விட்டது. வாயைத் திறந்து பயமாக இருக்கிறது என்று சொல்கிற அந்த ஒரு பழக்கம், இப்போதுதான், இந்த வயதில்தான் என்னிடம் வந்து ஒட்டியிருக்கிறது. ஆரம்பித்துவிட்டால் சரியாகிவிடும் என்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதை உமக்கே விட்டுவிடுகிறேன்.

நேற்று சாயங்காலம் கோமதி பழகப் போனாள். நானும் போனேன், செல்வியும் கூட வந்தாள். கரண்டு இல்லை. இவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குச்சு அறைக்குள் போய்விட்டாள், செல்வியைச் சொல்லுகிறேன். "இதை மேல கீழ ஆட்டணும், அவ்வளவுதான? உரல்ல மாவாட்டுனவளுக்கு இது ஒரு வேலையா?" நூலையும் குண்டையும் வாசலில் நின்றபடி காட்டிக் கொடுத்தேன். காற்றடிக்கிற ஆள் பேசக் கூடாது என்ற வழக்கத்தையும் சொன்னேன். "அதையும் பாப்போம்" என்றாள். நான் முன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன்.

கோமதி ஒரு தட்டு தட்டினாள். பை எழுகிற சத்தம் கேட்டது. பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முடிந்ததும், அடுத்தது தொடங்குவதற்கு முன் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில், ஆர்கனுக்குள்ளிருந்து செல்வி கத்தினாள்.

"ஏங்க, இருக்கியளா?"

கோமதி சிரித்துவிட்டாள். ஒரு கட்டை தப்பியது.

"இருக்கேன்" என்றேன்.

இரண்டாவது சரணம் முடிந்தது. "ஏங்க?"

"இருக்கேன்டி."

மூன்றாவதின் முடிவில் அவள் குரல் வரவில்லை. பை காற்று குறைந்து, சுரம் லேசாகச் சரிந்தது. குண்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும். கைப்பிடியைப் பிடித்தபடி அவள் உள்ளே அழுதுகொண்டிருக்கிறாள் என்று பலகைக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது. கோமதி வாசிப்பை நிறுத்தாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உள்ளே இருக்கிறவள் கேட்காமலே நான் சத்தமாகச் சொன்னேன்.

"இருக்கேன் செல்வி. நீ ஆட்டு."